துணைக்குப் போனவளின் தோள்

அந்தச் சாக்கு மேலேயே உக்காருங்க மதினி. கடலைத் தோல் சேலையில் ஒட்டும், தட்டிவிட்டால் போய்விடும். உங்க மிட்டாய்க்கு இப்போதுதான் பாகு ஊற்றித் தட்டில் பரப்பியிருக்கு. ஆறி இறுகினால்தான் துண்டு போட்டுத் தர முடியும். அதுவரைக்கும் நான் இந்தக் கருகல் பருப்பைப் பொறுக்கிக்கிட்டே இருக்கேன், நீங்களும் இருங்க. காதுகுத்து வீட்டுக்குத்தானே? ஒரே ஒரு கருகல் உள்ளே போனாலும் வாயெல்லாம் கசக்கும். வந்த சொந்தக்காரங்க உங்களைத்தான் சொல்வாங்க, எங்களைச் சொல்லமாட்டாங்க.

அந்தப் புடைக்கிற சுளகைக் கொஞ்சம் எடுத்துத் தாங்களேன். அதோ, ஆணியில் தொங்குது பாருங்க. பையன் மடியில் தூங்குறான், அதனாலதான். ஆ, கொடுங்க. உங்களுக்கு நல்ல உயரம்.

மதினின்னு கூப்பிடுறேனேன்னு தப்பா நினைக்காதீங்க. அக்கான்னு கூப்பிட்டால் உள்ளே இருக்கிறவள் என்னன்னு கேட்டுக்கிட்டு வந்துவிடுவாள். சுப்புத்தாய் அக்கா. என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். நீங்க வரும்போது கையைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டுக்கிட்டு வாசலில் நின்னாளே, அவள்தான். பார்த்ததும் உங்களுக்கே பாவமா இருந்திருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். அப்படி ஒரு முகம் அவளுக்கு.

நான் இப்படிப் பேசுறவள் இல்லை மதினி. தெருவில் கேட்டுப் பாருங்க, காளீஸ்வரியா, அவளுக்கு வாய் இருக்கான்னு கேட்பாங்க. ஏழாவது வரைக்கும்தான் படிச்சேன். பள்ளிக்கூடத்தில் பேர் வாசிக்கும்போது 'உள்ளேன் டீச்சர்'னு சொல்றதுக்கே எனக்குச் சத்தம் வராது. வகுப்பில் உக்காந்திருக்கும்போதே வரலைன்னு போட்டுவிடுவாங்க. உங்களை இதுக்கு முன்னாடி பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்கப் போறதில்லை. அதனாலதான் சொல்றேன்.

அதுவும் கொஞ்ச நேரம்தான். கோவில்பட்டிக்குக் கிளம்பணும். அக்காவுக்கு டாக்டரைப் பார்க்கணுமாம், நான் துணை. அத்தை சந்தைக்குப் போயிருக்காங்க, அவங்க வர்றதுக்குள்ளே போயிட்டு வந்துடுவோம்னு சொல்றாள். அவள் டாக்டரைப் பார்க்கிறது ஊருக்கே தெரியும், அதில் அத்தைக்கு என்ன ஒளிவு மறைவு? கேட்டால் அதுக்கு ஒரு கதை சொல்வாள். இந்த ஜாக்கெட்டையும் பார்க்காதீங்க. என்னோடது இல்லை, அவளோடது. கை ரெண்டும் தொளதொளன்னு கிடக்கு. காலையில் கொண்டுவந்து கட்டிலில் போட்டு, "இதைப் போட்டுக்கோ காளீசு"ன்னாள். துணைக்குப் போறவளுக்கு எதுக்கு லூஸு ஜாக்கெட்? பேசாமல் போட்டுக்கிட்டேன்.

எங்க வீட்டில் ஆம்பளைங்க கடலை வறுப்பாங்க, பாகு காய்ச்சுவாங்க, டவுன் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவாங்க. வறுத்ததைத் தேய்ச்சுத் தோலெடுத்துப் புடைக்கிறது பொம்பளை வேலை. அரிசி புடைக்கிற மாதிரி உக்காந்து புடைக்கிறதுன்னு நினைச்சுடாதீங்க. சுளகு நிறைய அள்ளி, தலைக்கு மேலே தூக்கி, காத்து வர்ற பக்கமாப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாச் சரிக்கணும். பருப்பு கீழே விழும், தோல் பறந்து போகும். குனிஞ்சு அள்ளணும், திரும்பத் தூக்கணும். காலையில் பிடிச்சால் மத்தியானச் சோறு வரைக்கும் இதுதான். அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தூக்குறாள். நான் வந்ததிலிருந்து ரெண்டு பேரும். பையன் பிறந்து நான் படுத்திருந்தப்போ மறுபடியும் அவள் ஒருத்தி.

போன சித்திரையில் ஆரம்பிச்சாள். "கை மேல வரமாட்டேங்குது காளீசு"ன்னாள்.

வரமாட்டேங்குதாம்! வெத்திலை பாக்கு வச்சுக் கூப்பிட்டால்தான் வருமோ?

சுளகைத் தோள் உயரத்துக்கு மேலே கொண்டுபோக மாட்டாள். கொண்டுபோனால் உதட்டைக் கடிப்பாள். கொடியில் துணி போட மாட்டாள், சுருட்டி எறிவாள், பாதி கீழே கிடக்கும். தலை சீவுறதைத்தான் பார்க்கணும் நீங்க. ஊரில் எல்லாரும் கையைத் தலைக்குக் கொண்டுபோவாங்க. இவள் தலையைக் கைக்குக் கொண்டுவருவாள். கோழி தண்ணி குடிக்கிற மாதிரி கழுத்தை ஒரு பக்கமாச் சாய்ச்சு, சீப்பை இடுப்பளவில் பிடிச்சுக்கிட்டு. என்ன பகுமானம்!

ஒருநாள் அடுப்படியில் நானும் அத்தையும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். அத்தைன்னா என் மாமியார். "எங்கட்டீ மூத்தவளக் காணோம்"னு கேட்டாங்க. தலை சீவுறாங்கன்னு வாயால சொல்லியிருக்கலாம். எனக்கு என்ன தோணுச்சோ தெரியலை. கரண்டியை எடுத்துச் சீப்பு மாதிரிப் பிடிச்சு, தலையைச் சாய்ச்சு, உதட்டைக் கடிச்சு, "வரமாட்டேங்குதே, ஆத்தா, வரமாட்டேங்குதே"ன்னு அவள் குரலிலேயே இழுத்தேன்.

அத்தை சிரிச்சாங்க மதினி. வாயில் இருந்த சோறு புரையேறிக் கண்ணில் தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. அந்த வீட்டுக்குள்ளே வந்ததிலிருந்து என்னைப் பார்த்து அத்தை சிரிச்சது அன்னைக்குத்தான். "ஏ ஊமைக்கோட்டானுக்குள்ள இம்புட்டு இருக்கா!"ன்னு சொல்லி, அவங்க தட்டில் இருந்த மீன் துண்டை எடுத்து என் தட்டில் வச்சாங்க.

அதுக்குப் பிறகு தினமும் கேட்பாங்க. "காளீசு, இன்னைக்கு என்ன பண்ணுனா?" நானும் செஞ்சு காட்டுவேன். அக்கா குடம் தூக்குறது, அக்கா அலமாரியில் இருந்து புளி எடுக்கிறது, அக்கா ஜாக்கெட் கொக்கி மாட்டுறது. பக்கத்து வீட்டுக்காரங்க வந்தால்கூட, "ஏட்டி, மூத்தவ தலை சீவுறதச் செஞ்சு காட்டு"ன்னு சொல்வாங்க. எனக்குக் கூச்சமா இருக்கும். ஆனால் செய்வேன். சின்ன மருமகள்னு ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறது அப்போதான் பல பேருக்குத் தெரிஞ்சுது.

ஆடி முடிஞ்சு, தீபாவளி ஆர்டர் வர்ற நேரம் பார்த்து அக்கா மூலையில் உக்காந்துவிட்டாள். நேரம் பார்த்தாள் பாருங்க! அவ வீட்டுக்காரர் எலும்பு டாக்டர்கிட்டே கூட்டிக்கிட்டுப் போனார். டாக்டர் கையைத் திருகிப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், எலும்பில் தசையைப் பிடிச்சு வச்சிருக்கிற நார் தெரியாது, தோளுக்கு ஸ்கேன் எடுத்துக்கிட்டு வாங்கன்னு சொல்லிவிட்டார்.

தோளுக்கு ஸ்கேன்! கேள்விப்பட்டிருக்கீங்களா நீங்க? நாங்க கேள்விப்பட்டதே இல்லை. "ஆத்தாடி, தோள்ல என்ன பிள்ளையா இருக்கு"ன்னு அத்தை கேட்டாங்க. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுது.

ஆனால் ஸ்கேன் விவரம் அந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும். பையன் வயித்தில் இருக்கும்போது எடுத்தேனே. அக்காவுக்குப் பிள்ளை இல்லை, அவளுக்கு என்ன தெரியும்? அத்தையே என்னைக் கூப்பிட்டு, "அவளுக்கு வெவரத்தச் சொல்லிக் கூட்டிட்டுப் போயிட்டு வா"ன்னாங்க. சொன்னேன். காலையிலேயே வயிறு நிறையத் தண்ணி குடிக்கணும், பாட்டிலில் கொண்டுபோய் அங்கேயும் குடிக்கணும், ஒண்ணுக்கு மட்டும் போகவே கூடாது, முட்டிக்கிட்டு நின்னால்தான் மெஷினில் தெளிவாத் தெரியும்னு. அக்கா நான் சொன்னதை அப்படியே கேட்டாள். ஒரு செம்பு, ரெண்டு செம்பு, பஸ்ஸில் ஒரு பாட்டில்.

அங்கே போனால் அத்தனையும் பிள்ளைத்தாய்ச்சிங்க. ஆணா பெண்ணான்னு சொல்லமாட்டோம்னு சுவரில் பெரிசா எழுதிப் போட்டிருக்கு. அதுக்குக் கீழே அக்கா உக்காந்து, காலைப் பின்னிக்கிட்டு நெளியுறாள். பக்கத்தில் இருந்த பொண்ணு, "எத்தனாவது மாசம்க்கா?"ன்னு கேட்டாள்.

"எனக்குத் தோள்ல"ன்னாள் அக்கா.

"தோள்லயா!"ன்னு அவள் வாயைப் பொத்தினாள். எனக்கு முகத்தை எங்கே வச்சுக்கிறதுன்னு தெரியலை. வேற யாருக்கோ துணைக்கு வந்தவள் மாதிரி சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

நேரம் போகப் போக அக்காவுக்கு நெத்தியெல்லாம் வேர்த்துவிட்டது. கடைசியில் நர்ஸு வந்து, என்னம்மா வலி தாங்கலையான்னு கேட்டாள். "வலி இல்லம்மா, தண்ணி"ன்னாள் அக்கா. "என்ன தண்ணி?" "ஸ்கேனுக்குக் குடிச்ச தண்ணி." நர்ஸு இடுப்பில் கையை வச்சுக்கிட்டு அந்த இடமே கேட்கிற மாதிரிக் கத்தினாள். "தோளப் பாக்குறதுக்கு எதுக்கும்மா தண்ணி? யாரு ஒங்களக் குடிக்கச் சொன்னது? ஓடுங்க, போயிட்டு வாங்க மொதல்ல!"

பிள்ளைத்தாய்ச்சிங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சாள் மதினி. ஓடிக்கிட்டே திரும்பி என்னைப் பார்த்துச் சிரிச்சாள். யார் சொன்னதுன்னு மட்டும் சொல்லலை.

நான் என்ன தப்பாச் சொன்னேன்? ஸ்கேன்னா ஸ்கேன்தானே. வயித்தைப் பார்க்கத் தண்ணி வேணும், தோளைப் பார்க்க வேண்டாம்னால், அந்த மெஷினுக்கே ஒரு ஒழுங்கு இல்லைன்னுதானே அர்த்தம்? அப்போதே எனக்கு அதுமேல நம்பிக்கை போய்விட்டது.

உள்ளே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. அக்கா அன்னைக்குப் போட்டிருந்த ஜாக்கெட் கை இறுக்கம், தோள் வரைக்கும் ஏறவே இல்லை. கடைசியில் திரையை இழுத்துவிட்டு, ஜாக்கெட்டையே கழட்டி, துண்டைப் போர்த்தி உக்கார வச்சாங்க. எனக்குக் கூச்சத்தில் உடம்பு சுருங்கிப்போச்சு. அவளுக்கு ஒண்ணுமில்லை, அங்கே போய்க் கல்லு மாதிரி உக்காந்திருக்காள். ஜில்லுன்னு ஒரு பசையைத் தோளில் பூசி, சோப்புக்கட்டி மாதிரி ஒண்ணை வச்சுத் தேய்ச்சாங்க. தேய்க்கத் தேய்க்க டி.வி.யில் தெரியுது. என்ன தெரியுது? பழைய டி.வி.யில் படம் வராமல் பொரியுமே, அதுதான் தெரியுது.

வயித்தைப் பார்க்கும்போது சும்மா படுத்தால் போதும். இதுக்கு ஆயிரம் நொரநாட்டியம். உள்ளங்கையைத் தொடை மேலே மல்லாத்தி வை, வெளியே திருப்பு, உள்ளே திருப்பு. "கையப் பின்னால கொண்டு போங்கம்மா, பேன்ட்டு பின்பாக்கெட்டுல வைக்கிற மாதிரி." சேலையில் எங்கே பாக்கெட்டுக்குப் போறது? நர்ஸுதான், "பின்னால இடுப்புல சேலையச் செருகுற மாதிரிம்மா"ன்னாள். அக்கா கை இடுப்போட பக்கத்திலேயே நின்னுபோச்சு. உதட்டைக் கடிச்சாள். எனக்கு அந்த உதடு தெரியுமே! எத்தனை தடவை செஞ்சு காட்டியிருக்கேன்.

டாக்டரம்மா டி.வி.யைத் திருப்பிக் காட்டினாங்க. "இந்த வெள்ளைக் கோடு எலும்பு. இது மேல நார் பட்டையா, வரிவரியா இங்க வரைக்கும் வந்து ஒட்டணும். பாருங்க, பாதியிலேயே நின்னுருச்சு. இந்தக் கறுப்பா இருக்கிற எடம் முழுக்கக் கிழிஞ்சது." பிறகு அக்கா கையைப் பிடிச்சு மெதுவா உசத்தினாங்க. "தூக்கும்போது இங்க போய் முட்டுது பாத்தீங்களா? இத வச்சுக்கிட்டா இம்புட்டு நாளா வேல பாத்தீங்க? யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

அக்காவுக்கு உடனே கண்ணில் தண்ணி. காலையில் குடிச்சதில் மிச்சம் இருந்திருக்கும்.

எனக்குத் தாங்கலை. ஒரு கறுப்பைக் காட்டிக் கிழிசல்னு சொன்னால் எவன் கண்டான்? வாய்க்குள்ளேதான் சொன்னேன், எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு. டாக்டரம்மா காதில் பாதி விழுந்துவிட்டது.

"என்னம்மா சொன்னே?"

அக்காதான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "எல்லாருக்கும் இப்படித்தான இருக்கும்னு கேக்கா டாக்டர்"ன்னாள். 'சொல்றா'ன்னு சொல்லலை, 'கேக்கா'ன்னு சொன்னாள். என்னமோ நான் மரியாதையாக் கேட்ட மாதிரி.

டாக்டரம்மா கோபப்படலை. சிரிச்சாங்க. "கேக்க வேண்டியதுதான். இவங்க அடுத்த தோளும் தேஞ்சுதான் கெடக்கு, அத வச்சுக் காட்ட முடியாது. நீ சின்னப் பொண்ணு. வா, இப்பிடி உக்காரு, ஒரே நிமிசம். நல்ல நார் எப்பிடி இருக்கும்னு ஒன் தோள்லயே ரெண்டு பேருக்கும் காட்டுறேன்."

மாட்டேன்னு சொல்லத் தெரிஞ்சால் நான் ஏன் இப்படி இருக்கேன்? உக்காந்தேன். நான் அன்னைக்கு நைட்டி போட்டு மேலே துண்டு போட்டிருந்தேன், ஜிப்பைக் கொஞ்சம் இறக்கினாலே தோள் வந்துவிட்டது. வலது பக்கம். பசை பட்டதும் சிலிர்த்துப் போச்சு. டாக்டரம்மா பேசிக்கிட்டே தேய்ச்சாங்க. "இப்பப் பாருங்க, வரிவரியா, அழகா..."ன்னு சொல்லிக்கிட்டே வந்தவங்க நிறுத்திவிட்டாங்க. திரும்பத் தேய்ச்சாங்க. சிரிப்பைக் காணோம்.

"கையப் பின்னால கொண்டு போ."

கொண்டுபோனேன். கொஞ்ச தூரம். கூச்சத்தில் அதுக்கு மேலே வரலை.

"வலிக்குதா?"

"இல்ல."

"பிள்ளையத் தூக்கும்போது? அந்தப் பக்கம் படுக்கும்போது?"

"இல்ல. நான் எப்பவும் இடது பக்கந்தான் படுப்பேன்."

டாக்டரம்மா என்னையே பார்த்தாங்க. "ஒனக்கும் கிழிஞ்சிருக்கும்மா. முழுசா இல்ல, பாதி ஆழம். சுத்தி நீர் கோத்திருக்கு. இப்பவே தலைக்கு மேல தூக்குறத நிறுத்தி, பயிற்சி செஞ்சா ஆறிரும். இப்படியே தூக்கிக்கிட்டு இருந்தேன்னா முழுசா அந்துபோகும். அப்புறம் பிள்ளையக்கூடத் தூக்க முடியாது. முறையா ஒரு நாள் வந்து காட்டு."

என் தோளில் இருந்த பசையை அக்காதான் துடைச்சுவிட்டாள், அவளோட முந்தானையால். நல்ல கையால். எனக்கு எட்டாமல் இல்லை. அவளாத் துடைச்சாள்.

இப்போ நீங்களே சொல்லுங்க மதினி. நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா? எனக்கும் ஓட்டை, அவளுக்கும் ஓட்டை. நான் வேலை செய்றேன், அவள் செய்யலை. அப்போ ஓட்டைக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்? தெருவில் போறவங்களை வரிசையா உக்கார வச்சுத் தேய்ச்சாலும் எல்லாருக்கும் ஓட்டைன்னுதான் அந்த மெஷின் சொல்லும். வலிக்குதுன்னு சொல்றவளுக்கு வலி. வலிக்கலைன்னு சொன்னால் இல்லை. இதுக்கு ஒரு மெஷின், அதுக்கு ஒரு டாக்டர், அவங்களுக்கு ஒரு ஏசி ரூம்!

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே அத்தை. "என்னட்டீ சொன்னாங்க?" அக்கா வாயைத் திறக்கிறதுக்குள்ளே நான் சொல்லிவிட்டேன். நான் முந்திக்கிட்டுப் பேசினது வாழ்க்கையில் அன்னைக்குத்தான். "ஓட்டையாம் அத்தை. கறுப்பா ஒண்ணக் காட்டுறாங்க. அது எல்லாருக்கும் இருக்கு. சும்மா தொணைக்கு நின்ன ஆளப் பிடிச்சு உக்கார வச்சு, ஒனக்கும் ஓட்டைன்னு சொல்றாங்க!" யார் அந்த ஆள்னு சொல்லலை. கரண்டியை எடுத்து அத்தை தோளில் தேய்ச்சு டாக்டரம்மா மாதிரியே செஞ்சு காட்டினேன். "அப்பத் தோள் உள்ளவங்கெல்லாம் போயிப் படுத்துக்கிட வேண்டியதான்"னு அத்தைக்கு ஒரே சிரிப்பு.

அக்கா நிலைப்படியில் நின்னு என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், அது உங்க சின்ன மருமகள்தான்னு. சொல்லலை. ஏன் சொல்லலை? சொன்னால் அவளோட பம்மாத்து வெளியே வந்துவிடும்ல! பயம்.

அப்புறம் அவ வீட்டுக்காரர் பிடிவாதமா நின்னு அவளுக்குக் கையில் பட்டையைக் கட்டி, சுளகு பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லிவிட்டார். மொத்தப் புடைப்பும் என் தலையில். அவளுக்கு என்ன வேலை தெரியுமா? பயிற்சி. சுவரைப் பார்த்து நின்னு, விரலாலேயே நடந்து நடந்து கையை மேலே ஏத்துறாள். பல்லி மாதிரி. அதையும் அவ அறையில் செய்யலாம்ல? என் அறைக்கு வந்துதான் செய்வாள். அதுவும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே. "இப்பிடி மெதுவா ஏத்தணும் காளீசு. வலிச்சா நிறுத்திரணும். முண்டக் கூடாது." யார் கேட்டா? அவள் போன பிறகு நானும் அதே இடத்தில் நின்னு செஞ்சு பார்ப்பேன். அத்தைக்குச் செஞ்சு காட்டணும்னால் பழகணும்ல, அதுக்குத்தான். தினமும் பழகுறேன். அத்தைக்கு இன்னும் காட்டலை.

இன்னொண்ணு கேளுங்க. மேல் அலமாரியில் இருந்த உப்பு, புளி, பருப்பு டப்பா எல்லாத்தையும் கீழே இறக்கி வச்சுவிட்டாள். அவ வசதிக்கு. நான் விடியலில் எழுந்து போனால் தண்ணிக்குடம் நிறைஞ்சிருக்கும். இடது கையால் கொண்டுவந்திருக்காள். பார்த்தீங்களா, கை நல்லாத்தானே இருக்கு? என் கண்ணில் படாமல் செய்றாள், ஆனால் எனக்குத் தெரியாதா?

என் தலையையா பார்க்கிறீங்க? கொண்டைதான். பின்னலெல்லாம் வேலை இல்லாதவங்களுக்கு.

போன வாரம் மத்தியானம் பையன் தொட்டிலில் அழுதான். அக்கா பின்னாலேயே சுவரில் விரலை ஏத்திக்கிட்டு இருந்தாள். நான் போய்ப் பையனை அள்ளித் தூக்கினேன். தூக்கும்போது... கை வழுக்கிவிட்டது மதினி. பாகு கை, வேர்வை வேற. தூக்கின கை அப்படியே விட்டுப்போச்சு, என்னோட கையே இல்லாத மாதிரி. பையன் தலைகீழாப் போறான். எப்படி வந்தாள்னு தெரியலை, அக்கா அந்த ஒத்தைக் கையால் அவன் காலைப் பிடிச்சுவிட்டாள். அவன் தலைக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அவன் சிரிக்கிறான், விளையாட்டுன்னு நினைச்சு.

நான் சொன்னேன், பாகு கைக்கா, வழுக்கிருச்சுன்னு. அக்கா என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நான் அன்னைக்குப் பாகு பக்கம் போகலைதான். ஆனால் வேர்வை இருந்திருக்கும்ல? "வெள்ளிக்கிழம எனக்கு டாக்டர்கிட்ட போகணும். தொணைக்கு வா"ன்னு மட்டும் சொன்னாள். சரின்னேன். துணைக்குத்தானே.

வேற யாரும் அதைப் பார்க்கலை. பார்த்திருந்தால் அத்தை... அத்தை சிரிச்சால் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மதினி. பக்கத்திலேயே உக்காந்து பார்த்திருக்கேன். நாளைக்கே நான் கழுத்தைச் சாய்ச்சுத் தலை சீவினால், அதைச் செஞ்சு காட்டச் சொல்லி யாரையும் கேட்க வேண்டியதில்லை, அவங்களே செய்வாங்க. எப்படிச் செய்யணும்னு நான்தானே காட்டிக் கொடுத்திருக்கேன். கரண்டி பிடிக்கிறது, உதட்டைக் கடிக்கிறது எல்லாம். அதெல்லாம் எதுக்கு இப்போ, எனக்கு ஒண்ணும் இல்லையே. மெஷின் எல்லாருக்கும் சொல்றதைத்தான் எனக்கும் சொல்லுச்சு. இன்னைக்கு அங்கே போனாலும் பாருங்க, அக்காவை உக்கார வச்சுத் தேய்ப்பாங்க, நான் பாட்டுக்கு ஓரமா நின்னு...

"ஏ காளீசு! ஆட்டோ வந்துட்டு, பிள்ளையத் தூக்கிட்டு வா! தண்ணி கிண்ணி குடிச்சு வச்சிராதட்டீ, தோளுக்கு அது வேண்டாம்!"

சும்மா கேலி பண்றாள் மதினி. அன்னைக்கு அவள் குடிச்சதை வச்சு என்னை... இந்தா வாரேங்க்கா! மிட்டாய் இறுகியிருக்கும், எங்க வீட்டுக்காரர் வந்து துண்டு போட்டுத் தருவார். போறதுக்கு முன்னாடி இந்தச் சுளகை அந்த ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போங்க. பையன் இடுப்பில் இருக்கான், அதனாலதான் கேட்கிறேன், மத்தபடி இந்தக் கை எனக்கு...